லாரியை முந்தாத நாள்

கணவன் காரோட்டும் வேகத்துக்குப் பயந்து, பக்கத்து இருக்கையில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துபோன மனைவி, ஒரு மாதமாக வேலைக்குப் பேருந்தில்தான் போகிறாள். எப்படியாவது அவளை மீண்டும் தன்னோடு வரவழைத்துவிட வேண்டுமென்பது அவன் கவலை. இன்று ஒருவழியாகக் கெஞ்சிக் காரில் ஏற்றியிருந்தான்.

“அடேயப்பா! ஹாரன் இல்ல, குலுக்கல் இல்ல. சைக்கிள்காரர் ஒருத்தர் முந்திட்டுப் போறார், நீங்க பல்லைக்கூடக் கடிக்கலையே!” என்றாள் அவள்.

“பறந்தா பெட்ரோல்தான் தண்டம்னு நீதானே சொல்லுவ?”

“முன்னால லாரி போனாலே உங்களுக்கு மூக்குமேல கோபம் வருமே. இன்னிக்கு அது பின்னாலயே எவ்வளவு சாதுவா வர்றீங்க! ஒரு சொட்டு பெட்ரோல் செலவாகியிருக்காது.”

அவள் மனம் குளிர்ந்துவிட்டதாக நம்பி, மெல்லக் கேட்டான்: “அப்போ நாளையிலிருந்து என்கூட வருவியா?”

“இதே மாதிரி ஓட்டுறதா இருந்தா, தாராளமா.”

லாரி பெட்ரோல் பங்குக்குள் திரும்பி நின்றது. பின்னாலேயே காரும் நின்றது. லாரி ஓட்டுநர் இறங்கி வந்தார்.

“டேங்க்கை நிரப்பிக்குங்க சார். இனிமேலாவது காலியாகிற வரைக்கும் விரட்டாதீங்க” என்றவர், இரண்டு வண்டிகளையும் பிணைத்திருந்த கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

மனைவி கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

“அண்ணா, அந்தக் கயிறு விலைக்குக் கிடைக்குமா?”