நவம்பருக்குள் ஏற வேண்டிய ரத்தம்

முப்பது வருடம் பஞ்சாலையில் வேலை பார்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர் ஞானமுத்து. நவம்பர் இரண்டாம் வாரத்தில் கடுமையான மூச்சுத்திணறல் வரும் என்று உடம்பை அளந்து வரப்போகும் நோயை முன்கூட்டியே கணிக்க அவர் கையில் ஒட்டியிருந்த மருத்துவப் பட்டை ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. ஹீமோகுளோபின் எட்டிலேயே இருந்தால் பிழைப்பது கஷ்டம் என்றும் சொன்னது.

“நாள்தான் தெரிஞ்சுபோச்சே. இனி எதுக்கு ஊசி?” என்றார்.

“நாள் தெரிஞ்சதுனாலதான்ப்பா ஊசி,” என்றாள் மகள் எஸ்தர். அவள் டவுன் பஸ் ஓட்டுநர். வாராவாரம் விடுப்பு நாளில் அவரை இரும்புச்சத்து ஊசிக்கு அழைத்துப்போனாள். ரத்தம் ஊறும் என்று ஆட்டு மண்ணீரலான சுவரொட்டியை வறுத்துக் கொடுத்து, அவர் முகம் சுளித்தாலும் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சொன்ன வாரத்திலேயே திணறல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் ஆக்சிஜன் மாஸ்க்கோடு போராடினார். ஆறாம் நாள் டாக்டர் அதைக் கழற்றினார்.

“எட்டு இப்போ பதினொன்னரை ஆகியிருக்கு. அதுதான் உங்களைத் தாங்கியிருக்கு. வீட்ல யார் பார்த்துக்கிட்டாங்க?”

டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வாசலில் நின்றவளை ஞானமுத்து கைகாட்டினார்.

“என் மக. பஸ் ஓட்டுறா.”

திணறாமல் சொல்ல முடிந்தது. அதனால் பக்கத்துக் கட்டில்காரருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னார்.