முதல் விண்ணப்பத்தில் அப்பா

நிறைமதி தன் முதல் வேலை விண்ணப்பத்தைத் தோழி ரெஜினாவுடையதைப் பார்த்து எழுதினாள். பெயர், ஊர், மதிப்பெண் என்று எல்லாவற்றையும் மாற்றியவள், 'தந்தை காலமானார்' என்ற வரியை மட்டும் மாற்ற மறந்து அனுப்பிவிட்டாள். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கணினியில், முதலில் அனுப்பும் விண்ணப்பம்தான் ஆயுளுக்கும் நிற்கும். பிறகு எந்த நிறுவனத்தில் மாற்றிச் சொன்னாலும், நேர்காணல் நடத்தும் அந்தக் கணினியின் குரல் பொய்யர் என்று ஒதுக்கிவிடும்.

அதனால் ஒவ்வொரு நேர்காணலுக்கும் முன்னால் அப்பா துரைக்கண்ணுதான் அவளைத் தயார் செய்வார்.

"அப்பா எப்படிம்மா செத்தாரு?"

"காய்ச்சல்ல."

"சிரிக்காம சொல்லு. அப்பன் செத்தவ மூஞ்சியா இது?"

இன்று மாலை, கல்லூரி வகுப்பு முடிந்து வந்ததும் நேர்காணல். இருமல் கேட்டுவிடாமல் இருக்க, அப்பா வாயில் துண்டை அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். திரையிலிருந்து குரல் கேட்டதற்கெல்லாம் அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். கடைசியாக அது, "உங்கள் தந்தை எதனால் இறந்தார்?" என்றது.

போன மாதம் அவரை ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது கண்முன் வந்து நின்றது.

"நெஞ்சுவலி," என்றாள்.

"சென்ற நேர்காணலில் காய்ச்சல் என்றீர்கள். இந்த முரண்பாடு இனி எல்லா நிறுவனங்களுக்கும் தெரியும். நன்றி."

திரை அணைந்தது. அப்பா துண்டை எடுத்து, அடக்கிவைத்திருந்த இருமலையெல்லாம் இருமித் தீர்த்தார். பிறகு நெஞ்சைத் தடவியபடியே சொன்னார்:

"விடும்மா. அடுத்த தடவ மறக்காம காய்ச்சல்லயே செத்துடறேன்."