கால் தரையில் படாமல்

அவன் கையைத் தூக்கவில்லை.

தோள்களின் மேல் உட்கார்ந்திருந்தான். கழுத்து மறைய மாலைகள். மடியில் ஹெவிவெயிட் பட்டத்தின் பெல்ட். கீழே தெருவே கத்தியது. தசரதா, தசரதா என்று.

ஜெயித்தவன் கையைத் தூக்குவான். இவன் தன்னைச் சுமந்தவர்களின் தலைகளில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றியிருந்தான். படகில் முதல்முறை ஏறியவன் விளிம்பைப் பிடிப்பதுபோல.

"பாத்தியா, இன்னா அடக்கம் நம்பாளுக்கு."

நான் தெருமுனையில் ஆரத்தித் தட்டோடு நின்றேன். அம்மா இல்லாத வீட்டில் தம்பிக்கு அக்காதான் சுற்ற வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஜெயித்தவனை ரிங்கிலிருந்து தோளில் தூக்கினால், தெருமுனையில் பூசணிக்காய் சுற்றி உடைக்கும்வரை அவன் கால் தரையில் படக்கூடாது.

பூசணிக்காய் வாங்கப் போன ஆள் இன்னும் வரவில்லை.

காத்திருந்தார்கள். பேசினார்கள்.

"சாலமோன் கை ஒன்னு பட்டுச்சா? ஒன்னே ஒன்னு சொல்லு."

"கட்டிப் புடிச்சிக்கினு தொங்குனான். பாக்ஸிங்க்கு வந்தானா, மச்சான் மொறைக்கு வந்தானா?"

"ஒரு ஜட்ஜு அவனுக்குத்தான போட்டான்?"

"அந்த ஜட்ஜுக்கு மொதல்ல ஒரு கண்ணாடி போடு."

சிரிப்பு.

நான் தட்டை உயர்த்தினேன். சுமந்தவர்கள் முழங்கால் மடித்து அவனை என் முகத்துக்கு நேராக இறக்கினார்கள். கால் மட்டும் தரையில் படாமல்.

கற்பூரம் நன்றாக எரிந்தது.

அந்த வெளிச்சத்தில் அவனுடைய ஒரு கண்மணி சுருங்கியது.

இன்னொன்று சுருங்கவில்லை. தட்டை இடப்பக்கம் நகர்த்தினேன், வலப்பக்கம் நகர்த்தினேன். அது விரிந்தபடியே இருந்தது, ஆள் இல்லாத வீட்டின் கதவைப்போல.

"அக்கா, தட்டு ரெண்டா தெரியுது" என்றான். எனக்கு மட்டும் கேட்கும்படி.

"இறக்குங்க அவன" என்றேன்.

"இன்னாக்கா நீ. காய் வரட்டும். நீ சுத்து."

அவன் காலைப் பிடித்து இழுத்தேன். வேர்வையில் வழுக்கியது. அவர்கள் இன்னும் உயரமாகத் தூக்கினார்கள்.

"அக்கா அழுவுது பாரு. சந்தோசம்."

அப்போது கூட்டத்தின் பின்பக்கம் விசில் எழுந்தது.

சாலமோன்.

தோற்றவன் அன்றைக்கே ஜெயித்தவன் தெருவுக்குள் வருவதில்லை. யாரும் வந்ததில்லை. அவன் தனியாக வந்தான். உதடு கிழிந்திருந்தது. சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தான்.

"மால போட வந்தியா? குனிஞ்சு போடு."

அவன் அவர்களைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தான்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ. ஏழாவது ரவுண்டுல காதுக்கு மேல பட்டுது. என் கைக்குத் தெரியும்."



"வந்துட்டாரு வைத்தியரு!"

"எங்காள ஆஸ்பத்திரில படுக்க வெச்சிட்டு, நான்தான் படுக்க வெச்சேன்னு ஊரு பூரா சொல்லினு திரியவா?"

"படவே இல்லடா. ஒன்னுகூட படல. ஊட்டுக்குப் போயி நீ பத்து போடு."

நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்கள். அவர்களில் யாரையும் அவனால் ஒரே அடியில் சாய்த்திருக்க முடியும். கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் பின்னால் போனான்.

"ஆட்டோ நிக்குதுக்கா. நான் ஏற மாட்டேன். நீங்களே இட்டுனு போங்க."

என் தம்பி அவனைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மேளம் எழுந்தது.

காய் வந்துவிட்டது.

நிதானமாகச் சுற்றினார்கள். ஒரு சுற்றுகூடக் குறைக்கவில்லை. பிரியத்தில் குறை வைக்கிறவர்கள் இல்லை அவர்கள். உடைத்தார்கள். குங்குமம் தெறித்து என் புடவையில் பட்டது.

பிறகுதான் இறக்கினார்கள்.

கால் தரையில் பட்டது.

நிற்கவில்லை.

அந்த ஆட்டோவில்தான் கொண்டுபோனோம். பாலம் ஏறும்போது என் மடியில் அவன் தலை கனத்தது. அதன் பிறகு கனம் மாறவில்லை.

மறுநாள் மறுபடியும் தூக்கினார்கள். அதே தோள்கள்.

பெண்களுக்குத் தெருமுனை வரைதான். முதல்நாள் நின்ற இடத்திலேயே நின்றேன். பூசணிக்காய் விதைகள் காய்ந்து தரையோடு ஒட்டிக் கிடந்தன.

சாலமோன் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். பேச்சு தொடங்கிவிட்டது.

"இப்ப சொல்லு. யாரு ஜெயிச்சது? எங்காளு அடி ஒன்னு. ஒன்னே ஒன்னு."

எங்கள் ஆட்கள் சட்டையைப் பிடித்தார்கள். பாடை ஆடியது. ஒரு மாலை சரிந்து விழுந்தது.

"அவனையே கேளுடா. சாலமோன், நீயே சொல்லுப்பா. பட்டுச்சா இல்லியா?"

அவனை முன்னால் தள்ளினார்கள். இரண்டு தெருவும் அவன் வாயைப் பார்த்தபடி காத்திருந்தன.

அவன் பாடையைப் பார்த்தான். பிறகு என்னை.

"படல" என்றான். "ஒன்னுகூட படல. ஜெயிச்சது தசரதன்."

அவன் தெருக்காரர்கள் காறித் துப்பிவிட்டு நகர்ந்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் என் தம்பி பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். தசரதா, தசரதா என்று. பாடை நேரானது. போய்விட்டது.

நானும் அவனும் மட்டும் நின்றோம்.

அவன் வலது கையைப் பார்த்தேன். முட்டிகள் வீங்கி, விரல்கள் மடங்காமல் விறைத்திருந்தன.

அவன் அதை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.