உலகமே பார்க்கட்டும்

"இன்னா தம்பி, நம்ம லைவ் எந்தெந்த நாட்டுக்குப் போவும்?"

"லிங்க் கைல இருந்தா எந்த நாட்டுல வேணாலும் பாக்கலாம்ணே" என்றான் தபரேஸ், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கேட்டவர் நவநீதன். கட்சியின் வார்டு செயலாளர். கவுன்சிலர் சீட்டுக்காகக் காத்துக் காத்துத் தலை நரைத்தவர். "இன்னிக்குக் கூட்டத்த உலகமே பாக்கணும்யா. பாத்துட்டா இந்தத் தடவை சீட்டு உனக்குத்தான்" என்று மாவட்டச் செயலாளர் மதியமே வாக்குக் கொடுத்திருந்தார். அதிலிருந்து நவநீதனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூட்டத்துக்குக் காரணம் இருந்தது. அன்று காலை ஆதிகேசவனின் தோல் தொழிற்சாலையில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய சின்னசாமி, விஷவாயு தாக்கிச் செத்துப்போனார். உடல் போஸ்ட்மார்ட்டத்துக்காக வேலூரில் கிடந்தது. அது ஊர் திரும்புவதற்குள் ஆம்பூரில் கண்டனக் கூட்டத்துக்கு மேடை எழும்பிவிட்டது. இந்த வேகத்தில் ஒரு நாளாவது அந்தத் தொட்டியை எட்டிப் பார்த்திருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார்.

பேனர் முழுக்க மாவட்டச் செயலாளர் கும்பிட்டபடி சிரித்தார். சின்னசாமியின் பெயரைப் போட அதில் இடம் மிச்சமில்லை. இத்தனைக்கும் கட்சிக் கூட்டம் என்றால் சோறு தண்ணி மறந்து, முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்காருகிற மனிதர் அவர்.

லிங்க்கை நவநீதனே பரப்பினார். துபாய், மஸ்கட், மலேசியா என்று வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் ஒன்றைக்கூட விடவில்லை. 'மாபெரும் கண்டனக் கூட்டம். நேரலை. காணத் தவறாதீர்கள்.'

தபரேஸைப் பிடித்ததும் அவர்தான். நிக்காஹ் லைவ் போடுவதில் அவனுக்கு ஆம்பூரில் நல்ல பெயர். "மாமூவைக் காட்டு", "பிரியாணி தேக்சாவைக் காட்டு" என்று துபாயிலிருந்து கமெண்ட் வந்தால் உடனே கேமராவைத் திருப்புவான்.

"கமெண்ட் போடறவங்கதாண்ணே நமக்கு முதலாளி. அவங்களால வர முடியாமத்தான பாக்கறாங்க" என்பான்.

"போன மாசம் ஆதிகேசவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் நீதான லைவ்?"

"ஆமாண்ணே."

"இங்க அந்த விசுவாசத்தக் காட்டிடாத" என்று சிரித்துக்கொண்டே ஒரு குத்து குத்தினார் நவநீதன்.

மாவட்டச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். தான் சிறை போன கதையில் ஆரம்பித்தவர், ஊரெல்லாம் சுற்றியும் சின்னசாமியிடம் வந்து சேரவில்லை.

மேடைக்குப் பக்கத்தில், மாலை போட்ட புருஷன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மீனாம்பாள். மதியமே காரில் அழைத்துவந்து உட்காரவைத்திருந்தார்கள். பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை.

"அக்கா, மேல ஏறி ரெண்டே வார்த்தை" என்று நவநீதன் குனிந்தார். "ஒரே புள்ள மஸ்கட்ல கெடக்கறான், கூட ஆள் இல்லன்னு சொல்லுங்க. அழுவ வந்தா அடக்காதீங்க."

அவளுக்குத் தலையாட்ட மட்டும்தான் தெம்பிருந்தது.

"தபரேஸு, படத்த நல்லா க்ளோசப்ல காட்டு. பாக்கறவன் கண்ணுல தண்ணி வரணும்."

மீனாம்பாள் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தாள். நவநீதன் பெருமையாகத் தன் செல்போனைப் பார்த்தார்.

திரை கறுப்பாக இருந்தது. 'நேரலை முடிந்தது.'

"டேய், இன்னாடா ஆச்சு?"

"நெட்டு போய்ட்சுண்ணே."

"எனக்கு நெட்டு ஃபுல்லா இருக்கு. போடுறா மறுபடியும்!"

"வராதுண்ணே." தபரேஸ் கேமராவில் இருந்த கேபிளை உருவிக் கையில் சுற்றிக்கொண்டான்.

மேடையிலிருந்து மாவட்டச் செயலாளர் நவநீதனைக் கண்ணாலேயே எரித்தார். சீட்டு கண்ணெதிரே நழுவிக்கொண்டிருந்தது.

"ஆதிகேசவன் ஆளாடா நீ? அந்தம்மா பேச வர்ற நேரமாப் பாத்து ஆஃப் பண்றியே, மனுசனாடா?"

தபரேஸ் நாலடி தள்ளி நின்ற மீனாம்பாளைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தக் குனிந்த தலையே போதுமென்று இருந்தது நவநீதனுக்கு. பளாரென்று கன்னத்தில் விட்டார்.

"துரோகி! செத்தவன் வயித்தெரிச்சல் உன்ன சும்மா வுடாது!"

சுற்றி நின்றவர்களும் ஆளுக்கொரு வசவு வீசினார்கள். அதற்குள் மீனாம்பாளை யாரோ மேடையேற்றிவிட்டிருந்தார்கள். மைக் முன்னால் நின்றவளுக்குப் பேச்சு வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஓர் ஓலம்தான் வந்தது. அதை ஆம்பூர் மட்டும் கேட்டது.

'போச்சு. உலகத்துக்குப் போயிருக்க வேண்டிய அழுகை' என்று நவநீதனுக்கு வயிறு எரிந்தது.

தபரேஸ் சிவந்த கன்னத்தோடு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினான்.

"சத்தம் போடாமப் படிங்கண்ணே. அந்தம்மா காதுல விழ வேணாம்."

லைவ் நிற்பதற்குச் சற்று முன் வந்த கடைசி கமெண்ட் அது. மேலே பெயர் இருந்தது: கோபிநாத் சின்னசாமி, மஸ்கட்.

'நவநீதன் அண்ணே, நீங்க அனுப்பின லிங்க்லதான் பாக்கறேன். அப்பா காலைலேர்ந்து போன் எடுக்கல. முன்வரிசைலதான் உக்காந்திருப்பாரு. கேமராவ கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்கண்ணே.'