சின்னவளின் காலிப் பட்டியல்

மத்தியான வெயில் கீபோர்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. புரோகிராமிங் கையேட்டில் ‘கிளாஸ்’ என்ற நிரல் வார்ப்பைப் பற்றிய பாடத்தை எழுதியவள் நகம் கடிக்கிறாள். சற்று நேரத்தில் அது புது மாணவர்களுக்குப் போயாக வேண்டும். உதாரணத்தில் பெரியவள், சின்னவள் என்று இரண்டு குழந்தைகள்; பொம்மைப் பட்டியலை எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக வைத்துத் தொலைத்திருக்கிறாள். “பெரியவளுக்குக் கரடி குடுத்தா உலகத்துப் பிள்ளைங்களுக்கெல்லாம் போகுதேடி, வள்ளலே!” என்று பக்கத்து மேஜைக்காரி நாற்காலி அதிரச் சிரிக்கிறாள். இவள் காதில் தண்ணீர் வைத்தால் கொதிக்கும். ஆளுக்கொரு பட்டியல் பிறக்கும்படி வரியை மாற்றி நிரலை ஓட்டுகிறாள். திரையில், பெரியவளிடம் கரடி. சின்னவளிடம் இரண்டு அடைப்புக்குறிகள், நடுவே ஒன்றுமில்லை: காலிப் பட்டியல். “சரியாயிடுச்சு, அனுப்பு,” என்கிறாள் பக்கத்து மேஜைக்காரி. விரல் பட்டன்மேல் தயங்கி நிற்கிறது. “இருடி, சின்னவ அழுவா,” என்று ஒரு வரி சேர்க்கிறாள். சின்னவளுக்கு ஒரு பந்து.