மாப்பிள்ளை எந்தக் கட்சி

கடைசி மாவட்டத்தின் ஓட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பதாக டிவியில் சொன்னதும் அவள் சோபாவின் மேல் ஏறி நின்றாள்.

"இறங்குடி, விழுந்து தொலைக்கப் போற," என்றாள் அம்மா.

அவள் இறங்கவில்லை.

அன்று மத்தியானம் நாடே டிவி முன்னால்தான் இருந்தது. பக்கத்து நாட்டுக்காரர்கள் இங்கேயும், இங்கே இருப்பவர்கள் அங்கேயும் விசா இல்லாமல் போகலாம், வரலாம், பிடித்திருந்தால் தங்கியே விடலாம். இதற்குச் சம்மதமா, இல்லையா என்று இரண்டு நாட்டிலும் ஓட்டெடுப்பு. அந்தப் பக்கம் நேற்றே 'சம்மதம்' என்று சொல்லியாயிற்று. இந்தப் பக்கம்தான் இழுபறி.

அவள் பிறந்தது அந்தப் பக்கம். வாழ்க்கைப்பட்டது இந்தப் பக்கம். அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். வருவாள், மூன்று மாதம் இருப்பாள், விசா முடியும், கிளம்பிவிடுவாள். ஒவ்வொரு தடவையும் மகள் பஸ் நிலையத்துக் கழிப்பறைக்குள் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துதான் அம்மாவுக்குக் கை காட்டுவாள். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு, நர்ஸ் வேலைக்கு.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் 'திறக்கக் கூடாது' கட்சி.

ஒரு வருடமாக வீட்டில் இதே சண்டைதான். சாப்பிட உட்கார்ந்தால் ஆரம்பிப்பான். வாடகை ஏறிவிடும் என்பான். ஆஸ்பத்திரி வரிசை தெருவரைக்கும் நிற்கும் என்பான். லிஃப்ட் மெக்கானிக் வேலைக்குப் பாதிச் சம்பளத்தில் ஆள் வந்துவிடுவான், நம் கதி என்ன என்பான்.

"ஆமா, எங்கம்மா வந்து உங்க லிஃப்ட்டுக்கு கிரீஸ் போடப் போறாங்களாக்கும்!"

அதற்கும் அசைய மாட்டான். வாதத்தில் தோற்றால் குரலை உயர்த்துவான். குரலும் எடுபடாவிட்டால் தட்டோடு எழுந்து போய்விடுவான்.

எதிர்வீட்டுக்காரரே ஒருநாள் மாடிப்படியில் அவனை நிறுத்தி, மாமியார் மேல் அப்படி என்னப்பா கோபம் என்று கேட்டுவிட்டார். அவன் பல்லைக் காட்டிவிட்டு நழுவினான்.

மாமியார் மட்டும் இதில் வாயே திறப்பதில்லை. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். நீயே சொல்லும்மா என்று மகள் இழுத்தால், எனக்கென்னடி தெரியும் என்பாள். சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்தி, ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள். அவளுக்கு ஒன்றும் தெரியாதாம்.

டிவி திரை பச்சையாக மாறியது.

சம்மதம்.

அவள் போட்ட கூச்சலில் மேல்மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்திருப்பார்கள், அவர்களே கூச்சல் போட்டுக்கொண்டிருக்காவிட்டால். சோபாவிலிருந்து ஒரே தாவு. அம்மாவைக் கட்டிப்பிடித்து அப்படியே தூக்கினாள். பூண்டுத் தோல் அறை முழுக்கப் பறந்தது. தெருவில் யாரோ ஹாரனை அமுக்கியவர் கையை எடுக்கவே இல்லை.

"அம்மா, இனி நீ போகவே வேண்டாம்! அந்த ஓட்டைக் காரை வித்துத் தள்ளு! நீ ஒரு துரும்பைக்கூட அசைக்க வேண்டாம், நான் பாத்துக்கறேன்!"

அம்மா சிரித்த மாதிரி இருந்தது.

"உங்க மூஞ்சிய இப்ப எங்க கொண்டுபோய் வெச்சுக்கப் போறீங்க?" என்று புருஷனைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பால்கனிக்கு ஓடினாள். தெருவையே பார்த்துக் கத்தத் தொடங்கினாள்.

அவன் டீ போடச் சமையலறைக்குப் போனான். பின்னாலேயே மாமியார் வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"ரொம்ப நன்றி மாப்பிள்ளை. நீங்களும் எனக்காகத் தொண்டை கிழியக் கத்தித்தான் பாத்தீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டு அடுப்பைப் பற்றவைத்தான்.

போன வருடம் பஸ் நிலையத்தில், மகள் கழிப்பறையில் இருந்த நேரமாகப் பார்த்துத்தான் மாமியார் அவனிடம் அதைச் சொன்னாள். மூன்று மாதம் மகள் வீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்தாயிற்று. இதற்கு மேல் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும். விடிந்தால் அவளுக்குக் காரை எடுக்க வேண்டும். கியர் மாற்றத் தெரியாமல் அலறுகிறவர்களை அதட்ட வேண்டும். மத்தியானம் தன் டிரைவிங் ஸ்கூலில், தன் நாற்காலியில், காலை நீட்டித் தூங்க வேண்டும். மகளிடம் இதைச் சொன்னால் உடைந்துபோவாள். 'விசா முடியுது' என்றால் மட்டும் அழுதுகொண்டே விட்டுவிடுவாள்.

அந்த ஒரு வார்த்தையையும் பிடுங்கிவிட்டால் நான் என்னவென்று சொல்லிக் கிளம்புவது, நீங்களாவது வேண்டாம் என்று பேசுங்கள் மாப்பிள்ளை, என்றாள்.

பேசினான். வாங்கியும் கட்டிக்கொண்டான்.

"அத்தை, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நான் சம்மதம்னுதான் ஓட்டுப் போட்டேன்."

மாமியார் அவனையே பார்த்தாள்.

"நீங்க பஸ் ஏறிப் போயிடறீங்க. அவ அழ அழ வண்டியில உக்கார வெச்சு ஆஸ்பத்திரியில கொண்டு விடறது நான்தானே அத்தை."

ஓங்கி அவன் முதுகில் ஒரு அடி விழுந்தது. "அட, என் மாப்பிள்ளையே!" அடித்த கையை எடுக்காமலே மாமியார் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தும் நிற்கவில்லை. அவனுக்கும் தொற்றிக்கொண்டது.

"அங்க என்ன சிரிப்பு? யாரு சிரிக்கிறது?" பால்கனியிலிருந்து குரல் வந்தது.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவை அகலத் திறந்தாள்.

"நான்தான்டி. இங்க வா, வந்து உக்காரு. நாளைக்கு நான் ஊருக்குப் போறேன். விசா ஒண்ணும் முடியலை. போகணும் போல இருக்கு, போறேன்."