கரை ஒதுங்கிய பாசி

தீவிலிருந்த ஒரே புன்னை மரத்தில் சிலந்தி ஒன்று வலை கட்டியிருந்தது. கடல் என்றாலே அதற்கு ஆகாது. அலை கொண்டுவந்து போட்ட பாசி கரையெல்லாம் குவிந்து அழுகி நாறியது. மரத்தடியில் குடியிருந்த நண்டைச் சிலந்தி கூப்பிட்டது.

"இந்தக் கண்றாவியை மொத்தமா கடல்ல தள்ளிவிடு."

நண்டு எடுத்த வேலையை விடாது. ஒரு மாதமாக, அலை ஒதுக்க ஒதுக்க இழுத்துக்கொண்டுபோய்த் தள்ளியது. காற்று சுத்தமானது. வலையும் சுத்தமாகத்தான் இருந்தது. ஓர் ஈகூட விழவில்லை. புன்னையின் இலைகள் வேறு வெளுக்கத் தொடங்கின.

"ஈயெல்லாம் எங்கே போய்த் தொலைஞ்சுது?" என்று பசியில் எரிந்து விழுந்தது சிலந்தி.

"அதுங்க பாசியிலதானே அக்கா பிறக்கும். முட்டையோட தள்ளிட்டேன். மரத்துக்கும் அதுதான் எரு. இன்னும் ஒரு குவியல்தான் பாக்கி, இன்னைக்கு முடிச்சிடுவேன்."

சிலந்தி விறுவிறுவென்று நூலில் இறங்கியது. பிறந்ததிலிருந்து மணலை மிதிக்காத எட்டுக் கால்களையும் ஊன்றி, அந்தக் கடைசிக் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டது.

"என்னைத் தாண்டி இதைத் தொட முடியாது."

"நாறுமே, அக்கா?"

"எது நாறுது?" என்றது சிலந்தி.